பெட்டி கேஸ் வரிசை

எங்கள் நீதிமன்றத்தில் டவாலி அண்ணனுக்கு 'மூணு தரம்' என்று பெயர். யார் வைத்ததோ தெரியாது. வழக்கில் உள்ளவரை வாசலில் நின்று மூன்று முறை கூப்பிட வேண்டும். மூன்றாவது கூப்பாட்டுக்கும் ஆள் வரவில்லை என்றால்தான் உள்ளே 'ஆஜராகவில்லை' என்று எழுதலாம். இருபத்திரண்டு வருடமாக இதையே செய்ததில், எதையும் ஒரு தடவை சொல்லி நிறுத்துவது அவருக்கு வராமல் போய்விட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எதிர்க் கடையில் "ஒரு டீ... ஒரு டீ... ஒரு டீ" என்றாராம். கடைக்காரர் மூன்று கிளாஸ் கொண்டுவந்து வைத்துவிட்டாராம். கெட்டியான குரல். கூப்பிட்டால் சாலைக்கு அந்தப் பக்கம் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களும் ஒரு கணம் தங்கள் பெயரோ என்று திரும்புவார்கள்.

நான் அதே கட்டடத்தில் நகல் பிரிவில் இருக்கிறேன். என் மேசைக்கு மேல் உள்ள ஜன்னல் வராந்தாவைப் பார்த்தது. பேசுவதைவிடக் கேட்பது எனக்கு எளிது என்பதால், அண்ணன் வராந்தாவில் பேசுகிற எல்லாம் எனக்கு மனப்பாடம்.

வியாழக்கிழமை பெட்டி கேஸ் நாள். சட்டப் புத்தகத்தில் இதற்குப் பெயர் சிறு குற்றம். சம்மனின் பின்பக்கத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், இரண்டு வரி இருக்கும்: 'அபராதம் மட்டுமே விதிக்கத்தக்க குற்றம் சிறு குற்றம் எனப்படும். குற்றத்தை ஒப்புக்கொள்பவர் விசாரணையின்றி அன்றே தீர்ப்புப் பெறலாம்.' அதைப் படித்தவர் எவரையும் நான் பார்த்ததில்லை. போலீஸ்காரர், வக்கீல், குமாஸ்தா, டீக்கடைக்காரர் எல்லோர் வாயிலும் அது பெட்டி கேஸ்தான். "என்ன கேஸ்?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல, பெட்டி கேஸ்" என்பார்கள். அந்த 'ஒண்ணுமில்ல' இல்லாமல் அந்தச் சொல் தனியாக வந்து நான் கேட்டதே இல்லை. சீனியர் வக்கீல் ஜூனியரைத் திட்டுவதற்கும் அதுவே: "பெட்டி கேஸுக்குத்தான்யா நீ லாயக்கு." எங்கள் பிரிவில் ஒரு குமாஸ்தா இருக்கிறார். திருமண நாளை மறந்துவிட்டு வீட்டுக்குப் போய், மறுநாள் வந்து சொன்னார்: "பெட்டி கேஸ்தான். போனதும் ஒத்துக்கிட்டேன். சேலையோட முடிஞ்சுது."

வியாழன் காலை ஒன்பதரைக்கெல்லாம் வராந்தாவில் முப்பது பேர் நிற்பார்கள். எச்சில் துப்பியவர், ஹெல்மெட் போடாதவர், டிக்கெட் எடுக்காதவர், நடைபாதையில் பழம் விற்றவர், ஒலிபெருக்கியைச் சத்தமாக வைத்தவர். அண்ணன் இவர்களைக் கிளாஸ் டீச்சர் மாதிரி பிரித்து நிறுத்துவார்.

"துப்பினவங்க எல்லாம் இப்படி வாங்க. ஹெல்மெட் அந்தத் தூண். யாரும்மா அங்க, நடைபாதையா? பழத்தைக் கூடையோட கொண்டாந்துட்டியா? நல்லது, கூடையை ஜன்னல் கிட்ட வை, மாடு கீடு வராது."

ஒரே வகைக் குற்றத்தை ஒன்றாக அனுப்பினால் நீதிபதியும் ஒரே பிரிவு எண்ணைப் போட்டுக்கொண்டே போகலாம், வேலை ஓடும். இந்த ஏற்பாட்டை அண்ணனுக்கு யாரும் சொல்லவில்லை, அவராகக் கண்டுபிடித்தது. பிரித்து நிறுத்தியதும் பாடம் ஆரம்பமாகும்.

"உள்ள போனதும் ஐயா கேப்பாரு, குத்தத்தை ஒத்துக்கிறீங்களான்னு. தலையை ஆட்டக் கூடாது. வாயைத் திறந்து, ஒத்துக்கிறேன். அவ்வளவுதான். கதை சொல்லாதீங்க. கதை சொன்னா ஐயா தேதி போட்டுருவாரு. தேதி போட்டா நாலு மாசம் அலையணும்."

"நான் துப்பவே இல்லைங்க, இருமினேன்" என்பார் ஒருவர்.

"இருமினதை ஒத்துக்கோ."

வராந்தா சிரிக்கும். "பயப்படாதீங்கப்பா, இது குத்தமே இல்ல. பெட்டி கேஸ்" என்று அண்ணன் முடிப்பார். நாற்பது நிமிடத்தில் வரிசை காலியாகிவிடும். பதினொரு மணிக்கெல்லாம் கூடைக்காரம்மா தெருவில் கூவிக்கொண்டிருப்பார்.

இதில் அண்ணனுக்கு ஒரு பைசா லாபம் கிடையாது. ஏன் சொல்கிறார் என்று ஒருநாள் கேட்டேன். வேலைக்கு வந்த முதல் வருடத்தில் ஒரு கொத்தனார், தான் துப்பவில்லை என்று சாதித்தாராம். பதினோரு வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போயிற்று, ஐந்தாவது வாய்தாவோடு மேஸ்திரி வேறு ஆளை வைத்துக்கொண்டார். கடைசியில் விடுதலை. "விடுதலைன்னு வாசிச்சதும் அந்த ஆளு இந்தத் தூணைப் புடிச்சுக்கிட்டு அழுதாரு தம்பி. ஜெயிச்சவன் அழுது நான் பார்த்ததில்ல. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இனிமே என் வரிசையில யாரும் ஜெயிக்கக் கூடாதுன்னு."

அண்ணன் வீட்டில் மூன்று பேர். அவர், அண்ணி, அண்ணியின் தங்கை. அண்ணி வீட்டிலேயே ஆஸ்பத்திரிச் சீருடைகள் தைக்கிறார். முன்னறை முழுக்க வெளிர்நீலத் துணி. தங்கை அப்போது ஒரு தனியார் ஆய்வகத்தில் ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கிற வேலையில் பத்து வருடமாக இருந்தார். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லி, கேட்பவர்களையும் ஓய வைத்துவிட்டவர். அண்ணனை 'மாமா' என்று கூப்பிடும்போதே அதில் ஒரு கிண்டல் இருக்கும்.

அந்தத் தங்கை தெருமுனைக் குப்பைத் தொட்டிப் பக்கம் மூன்று நாய்களுக்குச் சோறு வைப்பார். கீழ்வீட்டுக்காரருக்கு நாய் என்றால் ஆகாது. புகார் எழுதிப் போட்டுவிட்டார். 'பொது வழியில் உணவுக் கழிவைக் கொட்டி அசுத்தம் செய்தது' என்று சம்மன் வந்தது.

"கழிவா? தட்டுல வைக்கிறேன், தின்னு முடிச்சதும் தட்டைக் கழுவி எடுத்துட்டு வர்றேன். இதுல கழிவு எங்க மாமா இருக்கு?"

"அதெல்லாம் அங்க பேசாதே. ஒத்துக்கிறேன்னு சொல்லிட்டு வேலைக்குப் போ."

"செய்யாததை எதுக்கு ஒத்துக்கணும்?"

"நான் நிக்கிற வாசல்ல நீ வந்து நாலு மாசம் நிப்பியா? எனக்குத்தான் மானம் போகும்."

அந்த வியாழக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கொழுந்தியா இரண்டடி தூரத்தில் கைப்பையை அணைத்துக்கொண்டு நிற்கிறார். அண்ணன் நேரே சாலையைப் பார்த்தபடி அவர் பெயரை மூன்று முறை கூப்பிட்டார். "காது கிழியுது மாமா, இங்கதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அவர் உள்ளே போனார். நீதிபதி கேட்டார். தங்கை மெல்ல, "ஒத்துக்கிறேன்." வெளியே வந்தவர் அண்ணனிடம், "இப்ப நான் குத்தவாளியா?" என்று கேட்டார்.

"சீ, போ. இது குத்தமே இல்ல."

இரண்டு வருடம் போயிற்று. அரசு ஆஸ்பத்திரியில் ஆய்வகத் தொழில்நுட்பருக்கு ஆறு இடம் என்று அறிவிப்பு வந்தது. தங்கைக்கு முப்பத்து நான்கு முடிந்திருந்தது, வயது வரம்பு முப்பத்தைந்து. இதுதான் முதலும் கடைசியுமான வாய்ப்பு. தனியார் ஆய்வகத்தில் பன்னிரண்டு வருடம் உழைத்தும் நாளைக்கு வராதே என்றால் வராமல் இருக்க வேண்டியதுதான். விண்ணப்பத்தின் கடைசி நாளன்று அவருக்குக் காலை ஷிப்ட். கடைசிப் பக்கத்தில் கையெழுத்தைப் போட்டு, சான்றிதழ்களை மேலே வைத்து, "மாமா, உங்க கையெழுத்துதான் அச்சு மாதிரி இருக்கும், நிரப்பிக் குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணன் மதிய இடைவேளையில் என் மேசையில் உட்கார்ந்துதான் நிரப்பினார். பதினேழாவது கேள்வி: 'எந்த நீதிமன்றத்திலாவது குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டது உண்டா?' அண்ணன் பேனாவைத் தூக்கவே இல்லை. 'இல்லை' என்று அழகாக எழுதிவிட்டுப் பதினெட்டுக்குப் போனார். பக்கத்தில் நான் இருந்தேன், எனக்கும் தோன்றவில்லை. தீர்ப்பு நகல் எழுதியே வயிறு வளர்க்கிறவன் நான். எங்கள் இருவர் தலையிலும் அந்த நேரத்தில் நாயும் இல்லை, சம்மனும் இல்லை.

தேர்வில் தங்கை நான்காவதாக வந்தார். வீட்டில் பாயசம் வைக்காத குறை. அடுத்த மாதம் பதிவுத் தபாலில் கடிதம் வந்தது. போலீஸ் சரிபார்ப்பில் ஒரு தண்டனை இருப்பது தெரியவந்துள்ளது, விண்ணப்பத்தில் அந்த உண்மை மறைக்கப்பட்டுள்ளது, பதினைந்து நாட்களுக்குள் நேரில் விளக்கம் தராவிட்டால் தேர்வு ரத்து. தேர்வு ரத்தானால் ஐந்து வருடத்துக்கு எந்த அரசு வேலைக்கும் விண்ணப்பிக்க முடியாது.

விளக்கத்தோடு பழைய தீர்ப்பின் சான்றிட்ட நகலும் கேட்டிருந்தார்கள். நகலை நான்தான் எடுத்தேன். ஒன்றரை வரி; கோர்ட்டு மொழியில் 'எதிரி' என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். 'எதிரி குற்றத்தை ஒப்புக்கொண்டார். குற்றவாளி என முடிவு செய்து அபராதம் விதிக்கப்படுகிறது.' முத்திரை வைக்கும்போதுதான் அந்த 'குற்றவாளி'யை முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி இருந்தது. நகலைக் கொடுக்க அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

தையல் மெஷின் ஓடவில்லை. தங்கை நகலை வாங்கி, நின்றபடியே படித்தார்.

"அன்னைக்குக் கேட்டேன்ல மாமா, குத்தவாளியான்னு. இதோ போட்டிருக்கு பாருங்க, முத்திரையோட."

அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றார். "எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லுவோம். எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. பெட்டி கேஸைப் போய் யாரு தண்டனைன்னு எழுதுவா?"

"எழுதணும்னு சொல்றாங்களே."

"அந்தப் போலீஸ்காரன் ஒருத்தன், வேலையில்லாம தோண்டியிருக்கான் பாரு."

"அவன் வேலையை அவன் பார்த்தான்" என்றார் அண்ணி. ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, நிமிராமல், "வாரா வாரம் முப்பது பேரை ஒத்துக்க வச்சீங்க. இப்ப நீங்க போய் ஒத்துக்கிட்டு வாங்க, எழுதினது நான்தான்னு."

"அவரு வேண்டாம்கா" என்றார் தங்கை. "அவரு ஆபீசுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா?"

அண்ணிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பதிவறை எழுத்தர் பதவி உயர்வுப் பட்டியலில் அண்ணன் பெயர் அந்த வருடம் முதலில் இருந்தது. காலில் நரம்பு சுருண்டு, சாயங்காலம் பாதம் வீங்கிப்போகிற மனிதருக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை என்பது பதவி இல்லை, மருந்து. குற்றம் சாட்டப்பட்டவர்களிடம் இதைச் சொல், அதைச் சொல் என்று நீதிமன்ற ஊழியரே சொல்லிக்கொடுத்தார் என்று எழுத்தில் வந்துவிட்டால், பட்டியல் அவரைத் தாண்டிப் போய்விடும்.

மறுநாள் தலைமை எழுத்தர் அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னார். அவருக்கும் அண்ணன்மேல் பிரியம்தான்.

"போயிட்டு வாய்யா, வேண்டாம்னு சொல்லல. வாயால என்ன வேணா சொல்லு. காகிதத்துல மட்டும் எழுதிக் குடுத்துடாதே. எழுதினா அது சுத்தி இங்க வந்து என் மேசையில உக்காரும். அப்புறம் நான் உன்னைக் காப்பாத்த முடியாது."

"சரிங்க. சரிங்க. சரிங்க" என்றார் அண்ணன்.

விசாரணைக்கு அண்ணன், தங்கை, நான் என்று மூன்று பேர் போனோம். அண்ணிக்குச் சீருடைகளை அன்றைக்குக் கொடுத்தாக வேண்டும், வரவில்லை. எனக்கு அங்கே வேலை இல்லை, நகலை எடுத்தவன் என்ற முறையில் வந்தேன் என்று சொல்லிக்கொண்டேன். ஆஸ்பத்திரி நிர்வாகப் பிரிவின் கடைசி அறை. மின்விசிறி மெதுவாகச் சுற்றியதால் காற்றுக்காகக் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். நான் வெளிப் பெஞ்சில் இருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் கண்காணிப்பாளர் அம்மா. பக்கத்தில் சட்ட ஆலோசகர், ஜலதோஷம் பிடித்த ஒல்லி மனிதர், கையில் கைக்குட்டை.

கண்காணிப்பாளர் தங்கையிடம் கேட்டார். "பதினேழாவது கேள்விக்கு 'இல்லை'ன்னு எழுதியிருக்கீங்க. ஏன்?"

"நான் எழுதல மேடம். ஆனா கையெழுத்து என்னுது. படிச்சுப் பார்க்காமலே போட்டேன்."

"படிக்காம கையெழுத்துப் போடுறவங்களை ஆய்வகத்துல எப்படிங்க வைக்கிறது?"

நான் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தேன். பொய் சொன்னவர் என்கிற பழியை இறக்கிவைக்கப் போய் இவர் வேறொரு பழியைத் தானே தூக்கிக்கொண்டாரே என்று இருந்தது.

"ரிப்போர்ட்ல ஒரு புள்ளி இடம் மாறியிருந்தா நான் மறுபடி ரத்தம் எடுப்பேன் மேடம். பன்னிரண்டு வருஷம் அப்படித்தான் இருந்திருக்கேன், ஆய்வகத்துல கேட்டுப் பாருங்க. என் சொந்தக் காகிதத்துல அந்த ஒழுங்கு இல்லாமப் போச்சு. அதுக்குத் திட்டுங்க, வாங்கிக்கிறேன். மறைச்சேன்னு மட்டும் எழுதாதீங்க. நாய்க்குச் சோறு வச்சதை எதுக்கு மறைக்கணும்? தெருவே பார்த்துச்சே."

கண்காணிப்பாளர் தலையைக் குனிந்துகொண்டார். சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஆலோசகர் மூக்கைத் துடைத்துவிட்டு அண்ணனைப் பார்த்தார்.

"நீங்கதான் நிரப்பினீங்களா? எங்க வேலை?"

"கோர்ட்டுலங்க."

"கோர்ட்டுல?"

"டவாலி. இருபத்திரண்டு வருஷம்."

ஆலோசகர் கைக்குட்டையைக் கீழே வைத்தார். "இருபத்திரண்டு வருஷம் கோர்ட்டு வாசல்ல நின்னவருக்குத் தண்டனைன்னா என்னன்னு தெரியலைன்னு சொன்னா யாருங்க நம்புவா?"

"தெரியும்ங்க. கொலைக் கேஸ்ல தெரியும், திருட்டுக் கேஸ்ல தெரியும். இதுல தெரியல. இதை நாங்க யாருமே குத்தம்னு சொல்றதில்லைங்க. இவளுக்கு அன்னைக்கு மனசே இல்ல. நான்தான் இது குத்தமே இல்ல, ஒத்துக்கிட்டுப் போன்னு சொன்னேன். சொன்ன வாயே எழுதிச்சு, அவ்வளவுதாங்க."

"சின்னதுங்கிறது தண்டனையோட அளவுய்யா. ஒத்துக்கிட்ட அன்னைக்கே அது ஏட்டுல ஏறிடுது. 'ஆம்'னு எழுதி, நாய்க்குச் சோறுன்னு பக்கத்துல போட்டிருந்தீங்கன்னா, இந்த மேசைக்கே வந்திருக்காது. அபராதத்தோட போற குத்தத்துக்கு எங்க விதியில தடையே இல்ல. பொய்க்குத்தான் தடை." அவர் ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார். "நீங்க சொன்னதை அப்படியே எழுதித் தருவீங்களா? தந்தா ஒரு பிரதி உங்க நீதிமன்றத்துக்குப் போகும். அதையும் சொல்லிடறேன்."

"மாமா" என்றார் தங்கை. அதில் அன்றைக்குக் கிண்டல் இல்லை. "வேண்டாம். நான் சொன்னதே போதும்."

"போதாதும்மா" என்றார் ஆலோசகர்.

அண்ணன் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பார்க்கும்போது அவர் ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் ஊன்றினார், வராந்தாவில் பதினொரு மணிக்குமேல் செய்வது போல. பிறகு பேனா கேட்டார். நின்றபடியே, மேசைமேல் குனிந்து, முக்கால் பக்கம் எழுதினார். ஆலோசகர் அதை வாங்கி விண்ணப்பத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதே 'இ', அதே சுழிப்பு, அதே அச்சு மாதிரி எழுத்து. கண்காணிப்பாளர் பக்கம் இரண்டு தாளையும் திருப்பி வைத்தார். அவரும் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

"ஒண்ணு கேக்கணும்" என்றார் ஆலோசகர், கோப்பை மூடிக்கொண்டே. "இந்த மாதிரி எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பீங்க?"

அண்ணன் உதடு அசைந்தது, விரலை மடக்கினார். பாதியில் நிறுத்திவிட்டார். "வியாழக்கிழமை வியாழக்கிழமை சொல்லியிருக்கேங்க."

திரும்பி வரப் பஸ் ஏறினோம். தங்கைதான் முதலில், "வாரம் முப்பது பேரு, வருஷம் ஐம்பது வாரம். பெருக்கட்டுமா மாமா?" என்றார்.

"பெருக்காதே."

"சும்மா தமாஷுக்கு."

"தமாஷுக்கும் வேண்டாம். அதுல எத்தனை பேரு எங்கெங்க போய் 'இல்லை'ன்னு எழுதினாங்களோ." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முன்சீட்டில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பையன் தூங்கிக்கொண்டிருந்தான். அண்ணன் இறங்கும்வரை அந்த ஹெல்மெட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஒன்பதாம் நாள் உத்தரவு வந்தது. கவனக்குறைவுக்காக எழுத்துமூலம் எச்சரித்து, தேர்வு உறுதி செய்யப்பட்டது. தங்கை அதை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தாராம். அண்ணி வெளிர்நீலத் துணியில் தங்கைக்கு இரண்டு செட் அளவெடுத்தார். "ஊருக்கெல்லாம் தைச்சேன், நம்ம வீட்டுக்கு இப்பத்தான்" என்று சொல்லிவிட்டு அழுதாராம். மாடிப்படியில் போகும்போது கீழ்வீட்டுக்காரர், "வேலை கிடைச்சுதாமே" என்று விசாரித்தாராம். தங்கை, "உங்க புண்ணியத்துல" என்றாராம்.

பத்தொன்பதாம் நாள் அண்ணனுடைய முக்கால் பக்கம் எங்கள் தலைமை எழுத்தர் மேசைக்கு வந்தது. 'வழக்கில் தொடர்புடையவர்களுக்கு வாக்குமூலம் பற்றி யோசனை கூறியது உண்மையா, விளக்கவும்' என்று மெமோ போனது. அண்ணன் பதிலாக ஒரே வார்த்தை எழுதிக் கொடுத்தார். 'ஒப்புக்கொள்கிறேன்.'

தலைமை எழுத்தர் தாளைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கே வந்துவிட்டார். "என்னய்யா இது? பெட்டி கேஸுன்னு நினைச்சியா? விளக்கம் எழுதுய்யா விளக்கம்! அந்தக் கொத்தனார் கதை, காலு கதை, எல்லாத்தையும் எழுது!"

கடைசியில் இரண்டு பக்கம் எழுதினார். வருடாந்தரச் சம்பள உயர்வை ஒரு வருடம் தள்ளி வைத்தார்கள். பதிவறை நாற்காலி பட்டியலில் இரண்டாவதாக இருந்தவருக்குப் போயிற்று. அவர் இனிப்பு கொடுக்க வந்தபோது அண்ணன் எடுத்துக்கொண்டு, "மேல் ரேக்குல கரையான், பார்த்துக்க" என்றார். நீதிபதி மட்டும் கூப்பிட்டு அனுப்பி, என்ன சொல்ல வேண்டும் என்று யாருக்கும் சொல்லக் கூடாது, சம்மனில் அச்சிட்டதைப் படித்துக் காட்டுவதற்குத் தடையில்லை என்றாராம்.

அடுத்த வியாழக்கிழமை இருபத்தெட்டுப் பேர். அண்ணன் வழக்கம்போல் துப்பியவர்களை ஒரு பக்கமும் ஹெல்மெட்டை ஒரு பக்கமும் பிரித்தார். பிறகு ஒரு சம்மனை வாங்கித் திருப்பி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எறும்பெழுத்தைச் சத்தமாகப் படித்தார். படித்து முடித்துவிட்டு, "இது சின்னக் குத்தம். ஆனா குத்தம். ஒத்துக்கிட்டா ஏட்டுல ஏறும். நாளைக்கு எந்தப் படிவத்துலயாவது கேட்டா, உண்டுன்னு எழுதணும். எழுதினா ஒண்ணும் ஆகாது. எழுதாம விட்டாத்தான் ஆகும்" என்றார். மூன்று முறை சொன்னார்.

யாரும் சிரிக்கவில்லை. பழக்கூடை அம்மா ஏற்கெனவே இரண்டு முறை வந்தவர். "போன தடவை வேற மாதிரி சொன்னியே?"

"போன தடவை தப்பா சொன்னேம்மா."

"அப்ப அதுவும் ஏட்டுல இருக்கா?"

"இருக்கு."

"ரெண்டு தடவையும்?"

"ரெண்டு தடவையும்."

அந்தம்மா அவரை ஒரு நிமிடம் ஏற இறங்கப் பார்த்தார். "எனக்கென்ன, நான் எந்தப் படிவத்தை எழுதப் போறேன்? என் பொண்ணு இருந்தா எழுதுவா" என்று சொல்லிவிட்டு, "பழம் வாடுது, என்னை முதல்ல கூப்பிடு" என்றார். உள்ளே போய் ஒத்துக்கொண்டார்.

பெரும்பாலும் எல்லோரும் ஒத்துக்கொள்ளவே செய்தார்கள். ஒரு நாள் கூலி என்ன என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் சும்மா ஒத்துக்கொள்ளவில்லை. ஒருவர் போனில் மனைவியைக் கேட்டார். ஒருவர் சம்மனை வெளிச்சத்தில் பிடித்துத் தானே ஒருமுறை படித்தார். டெலிவரி பையோடு வந்த பையன் அண்ணனைத் தூண் ஓரம் தள்ளிக்கொண்டு போனான்.

"அண்ணே, நான் சிக்னல்ல நின்னேன். பின்னாடி வந்தவன் இடிச்சதுல கோட்டைத் தாண்டிட்டேன். போட்டோல தாண்டினதுதான் தெரியுது. நான் என்னண்ணே சொல்லட்டும்?"

"அதை நான் சொல்லக் கூடாதுப்பா."

"இவ்வளவு பெரிய மனுஷன், நீங்களே இப்படிச் சொன்னா?"

"ஒத்துக்கிட்டா என்ன, இல்லைன்னா என்ன, ரெண்டும் சொல்லிட்டேன். ஒத்துக்கலைன்னா தேதி போடுவாங்க. அலையணும். அலைஞ்சவங்களை நான் பார்த்திருக்கேன்." அண்ணன் தூணில் கையை வைத்தார். "இடிச்சவன் வண்டி நம்பரு இருக்கா?"

"இருக்கு."

"சரி, அதை ஐயாகிட்ட..." என்று ஆரம்பித்தவர் வாயை மூடிக்கொண்டார். என் ஜன்னலைப் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய் அடுத்த பெயரை எடுத்தார்.

பதினொன்றரை ஆகியும் பதினாறு பேர் மிச்சம். உள்ளேயிருந்து நீதிபதி மணியடித்தார். அண்ணன் கதவோரம் போய் நின்றார்.

"என்ன இது? பெட்டி கேஸுக்கு இன்னைக்கு ஏன் இவ்வளவு நேரம்?"

"யோசிச்சுட்டு வர்றாங்கய்யா" என்றார் அண்ணன்.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, வரட்டும்" என்றார்.